கோடையில் எடுத்த படமும் கார்த்திகையில் நிற்கும் நீரும்

செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் விரித்து, எது வயல், எது தோப்பு, எது நீர்நிலை, எது தரிசு என்று வகைபிரித்து நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிப்பது என் தொழில். நாங்கள் தரிசு என்று எழுதிய இடத்தைத்தான் திட்டமிடுவோர் 'கட்டுவதற்கு ஏற்ற காலி இடம்' என்று படிக்கிறார்கள் என்பதால், அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் பலமுறை யோசிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி நிரம்பி வழிந்து இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் இந்தக் கழுவெளி, குப்பைக் கிடங்காலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் ஓரம் ஓரமாகச் சுருங்கியது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இவ்வளவு பெரிய நீர்நிலை எப்படிக் கண்ணுக்குத் தப்பியது? வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கு. வரி விதிப்புக்கு உட்படாத நிலம் என்ற பொருளில் தொடங்கிய அந்தச் சொல், பேச்சுவழக்கில் எதற்கும் உதவாத நிலம் என்று ஆகிவிட்டது. எங்கள் துறையின் பங்கும் இதில் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் மூடிக்கிடப்பதால், சென்னைக்கு மேகமில்லாத படங்கள் பெரும்பாலும் பிப்ரவரிக்குப் பிறகுதான் கிடைக்கின்றன. சதுப்பின் ஓரங்கள் காய்ந்துபோகும் பருவமும் அதுவே. மே மாதப் படத்தை மட்டும் வைத்து வரைந்தால், கார்த்திகையில் இடுப்பளவு நீர் நிற்கும் இடம் கட்டாந்தரையாகவே பதிவாகும்.

ஒரு கோடையில் அப்படிப்பட்ட ஓர் ஓரப்பகுதிக்குக் களச் சரிபார்ப்புக்குப் போயிருந்தேன். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து வெடிப்புக்குள் விரல் விட்டு, வெளுத்துப்போன நத்தை ஓடுகளை எடுத்துக் காட்டினார். "இது தண்ணி இருந்த எடம் சார், திரும்ப வரும்" என்றார். சுற்றிலும் கோரைத் தட்டைகள் காய்ந்து நின்றன. என் கையிலிருந்த படத்தில் அந்த இடம் தரிசு.

படத்தின் நுணுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையில் நாம் பரவலாகப் பயன்படுத்தும் படங்களின் ஒரு புள்ளி, 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 சென்ட். ஏரியையும் ஏரியையும் இணைக்கும் பத்தடி அகல வரத்துக்கால்வாய் அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். படத்தில் இல்லாத கால்வாய் வரைபடத்தில் வராது, சாலைத் திட்டத்திலும் வராது. நீர் கடக்கச் சிறுபாலம் வைக்க வேண்டிய இடத்தில் மண் கொட்டி மேடாக்கப்படும்.

ஆகவே இப்போது ஒரே படத்தை நம்பி நாங்கள் வரைவதில்லை. மேகத்தை ஊடுருவும் ரேடார் படத்தில் நவம்பர், டிசம்பர் மாதங்களின் நீர்ப்பரப்பைக் குறித்து, அதன்மேல் கிராம வரைபடத்தையும், நிலங்களின் எல்லையும் அளவும் பதிந்த புலப்பட நூலையும் பொருத்தி, ஓடை என்று பதிவான ஒவ்வொரு புல எண்ணையும் (சர்வே எண்) நடந்து போய்ப் பார்க்கிறோம். சிரமமான வேலைதான். ஆனால் இப்படி வரைந்த தாளில்தான் எந்த மேட்டில் வீடு கட்டலாம், எந்தத் தாழ்வைத் தொடக்கூடாது, சாலைக்கு எத்தனை கண் பாலம் வேண்டும் என்ற மூன்றுக்கும் விடை இருக்கிறது. நகரம் வளரத்தான் செய்யும். அதற்கு முன்பே இந்தத் தாள் மேசைக்கு வந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் வீடுகளுக்குள் நின்ற வெள்ளத்தை ஆய்வு செய்து நாம் எழுதிய அறிக்கைகள், அங்கே முதல் மனை பிரிக்கப்படும்முன் எழுதப்பட்டிருக்க வேண்டியவை.

மனை வாங்குவோரும் பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிட வேண்டாம். கிராம வரைபடத்தில் அந்தப் புல எண்ணின் பக்கத்தில் ஓடை, வாய்க்கால், கழுவெளி என ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. விற்பவர் கோடையில் காட்டிய இடத்தை, ஒரு பெருமழைக்கு மறுநாள் காலையில் மறுபடி போய்ப் பாருங்கள்.