நேரத்துக்கு ஒரு மின் கட்டணம்: விதி என்ன சொல்கிறது, வீட்டு பில் எப்படி மாறும்

பகல் 12 மணிக்கு மோட்டார் போட்டாலும் இரவு 8 மணிக்குப் போட்டாலும் நம் வீட்டு மீட்டருக்கு ஒன்றுதான், ஏனென்றால் பழைய மீட்டருக்கு மொத்த யூனிட்டை எண்ண மட்டும்தான் தெரியும். மின்சாரம் தருபவர்களுக்கு அப்படி இல்லை. பகலில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது, பொழுது சாய்ந்ததும் அது மொத்தமாக நின்றுபோகிறது, சரியாக அதே சமயத்தில்தான் எல்லார் வீட்டிலும் லைட், டிவி, ஏசி என்று ஒவ்வொன்றாக ஆன் ஆகும். அந்த நாலைந்து மணி நேரத்தைச் சமாளிக்க விலை அதிகமான மின்சாரத்தை வெளியில் வாங்க வேண்டும், அல்லது வருஷத்தில் கொஞ்ச நாள் மட்டும் முழுதாக ஓடுகிற நிலையங்களைக் கட்டிவைக்க வேண்டும். 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின் தேவை 250 கிகாவாட்டை, அதாவது 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அதற்குச் சில வாரம் முன்பு, மே 2 அன்று, தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. இந்த உச்சத்தைக் கொஞ்சம் தட்டிவிட்டாலே பெரிய செலவு மிச்சம்.

அதற்காக 2023 ஜூனில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இதைத்தான் டைம் ஆஃப் டே கட்டணம், சுருக்கமாக டிஓடி என்கிறார்கள். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நாளில் சில மணி நேரத்தை 'சூரிய நேரம்' என்று அறிவிக்கும். அந்த நேரத்துக்கான கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கம்மியாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வணிக, தொழிற்சாலை இணைப்புகளுக்குக் குறைந்தது 20 சதவீதமும் மற்றவர்களுக்குக் குறைந்தது 10 சதவீதமும் கூடுதல். உச்ச நேரத்தின் நீளம் சூரிய நேரத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்றும் விதியிலேயே இருக்கிறது, நமக்குச் சாதகமான வரி அது. கூடுதலோ தள்ளுபடியோ யூனிட் விலைக்கு மட்டும்தான், நிலைக்கட்டணத்துக்குக் கிடையாது.

10 கிலோவாட்டுக்கு மேல் தேவை உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1, விவசாயம் தவிர்த்த மற்ற எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1 என்று விதியில் கெடு போட்டிருந்தார்கள். தேதி தாண்டிவிட்டதே, அப்படியென்றால் என் பில்லில் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று பதற வேண்டாம். மாநில ஆணையத்தின் கட்டண உத்தரவில் உங்கள் பிரிவுக்கு இது சொல்லப்பட்டிருக்க வேண்டும், எந்த நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்று பிரித்துப் பதிவு செய்கிற ஸ்மார்ட் மீட்டரும் வீட்டில் மாட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நேரக் கணக்கு உங்களுக்குக் கிடையாது. அதுவரை மத்தியானம் துணி துவைத்தால் பில் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிற அறிவுரையால் பத்து பைசா பிரயோஜனம் இல்லை.

வந்தபிறகு எவ்வளவு வித்தியாசம் வரும்? கணக்குக்காக யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சூரிய நேரத்தில் 4 ரூபாய், உச்ச நேரத்தில் 5.50. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் இதெல்லாம் நேரம் மாற்றக்கூடியவை, யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் மிஞ்சும். ஃபேன், லைட், ஏசி, இரவுச் சமையலை அப்படி நகர்த்த முடியாது. பகல் முழுக்க வீடு பூட்டிக்கிடந்து ஆறரை மணிக்கு மேல்தான் ஆள் வருகிற குடும்பத்துக்கு இந்தத் திட்டம் சுமைதான், அதை அரசுத் தரப்பு விளம்பரங்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

அவர்களுக்கும், இன்னும் பழைய மீட்டரில் இருப்பவர்களுக்கும், யூனிட்டைக் குறைப்பதே நேரடி வழி. அதில் எல்இடி பல்பு ஏற்கெனவே முடிந்த கதை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது பார்க்க வேண்டியது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் முழு வேகத்திலும் 30 வாட் பக்கம்தான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு மட்டும் சுமார் 40 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான மலிவு விலையும் சேர்ந்து பறிபோகும், அதனால் 510, 520 என்று விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அந்த 40 யூனிட் ரொம்பப் பெரிய விஷயம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் ஸ்டார் ஒட்டிய ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆகின்றன, நாம்தான் ரிமோட்டை எடுத்து 18க்குத் தள்ளுகிறோம்.

அப்புறம், ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பழைய பாக்கியெல்லாம் தலையில் விழும் என்று ஒரு பயம் பலருக்கு இருக்கிறது. அனுமதித்த மின்பளுவைவிட, அதாவது நம் இணைப்புக்கு ஒதுக்கிய கிலோவாட் அளவைவிட அதிகம் எடுத்ததைப் புது மீட்டர் காட்டிக்கொடுத்தாலும், மீட்டர் மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது என்று அதே 2023 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை மீறியிருந்தால்தான் மின்பளுவை உயர்த்தலாம், அப்போதும் மீறிய மாதங்களில் பதிவானதில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் தினமும் ஒருமுறையாவது தொலைவிலிருந்தே ரீடிங் அனுப்பும், அந்த விவரத்தை உங்களுக்கும் காட்ட வேண்டும். ரீடிங் நம் உபயோகத்துக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த இன்னொரு திருத்தப்படி, புகார் கிடைத்த ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது விநியோக நிறுவனத்தின் கடமை.