காங்கிரீட் ஒப்பந்தக்காரரைத் தேடுகிறீர்களா? தண்ணீர் ஊற்றும் கையைப் பாருங்கள்

மறுபடியும் அதே புகார். கார் நிறுத்தப் போட்ட தளம், ஓராண்டுகூட ஆகவில்லை. பெருக்கப் பெருக்கச் சாம்பல் மாவு வருகிறது, குறுக்கே இரண்டு விரிசல். "சிமெண்டில் கலப்படமோ?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. சிமெண்ட் நன்றாகத்தான் இருந்திருக்கும், கெடுத்தது தண்ணீர்.

ஆள் பிடிக்கும்போது எல்லோரும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: சதுர அடிக்கு என்ன கூலி, அவர் போட்ட தளம் வழவழவென்று இருக்கிறதா. கனம் எத்தனை என்று பேசாமல் சதுர அடிக் கணக்கு பேசினால், 100 மில்லிமீட்டர் தளம் 75 ஆகிவிடும், கூலி மாறாது. வழவழப்பை நம்பவே நம்பாதீர்கள். மேலே தண்ணீர் கசிந்து நிற்கும்போதே உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்த்தால் எந்தத் தளமும் பளபளக்கும். அந்த மேல்தோல்தான் பிறகு மாவாக உதிர்கிறது. போன மாதம் போட்ட தளத்தைக் காட்டினால் போதாது. இரண்டு மழைக்காலம் பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி இதற்கெல்லாம் மூலமான ஒரு தவறான நம்பிக்கைக்கு வருவோம்: "கலவை தண்ணியாக ஓடினால்தான் மூலைமுடுக்கெல்லாம் இறங்கும்." கொத்தனார் சொல்கிறார், மேஸ்திரி சொல்கிறார், வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும்: ஒரு மூட்டைக்குச் சேரும் 75 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றாலே கிட்டத்தட்ட 4 லிட்டர் ஏற்கெனவே மிக்சருக்குள் போய்விட்டது. இதையெல்லாம் அளக்காமல் குழாயை மிக்சர் வாயில் பிடித்தால் மூட்டைக்கு 35 லிட்டர் போவது சர்வசாதாரணம். சிமெண்ட் தனக்குள் கட்டிக்கொள்வது தன் எடையில் ஏறக்குறைய கால் பங்குத் தண்ணீரை மட்டுமே. கலவை இளகுவதற்காகச் சேர்த்த மிச்சமெல்லாம் ஆவியாகிப் போகும், போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். 25 லிட்டர் 35 ஆனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். அந்தத் துளைகள் வழியே ஈரம் கம்பியைத் தொடும்; அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

"ரெண்டு சட்டி சிமெண்ட் கூடப் போட்டுச் சரிக்கட்டிட்டேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து கூடினால் காங்கிரீட் அதிகம் சுருங்கும், விரிசல் கூடும். இளக்கம் வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் இருக்கிறது, அதையும் அளந்துதான் ஊற்ற வேண்டும். மூலையில் இறக்குவது, கலவையை அதிரவைத்து இறுக்கும் கருவியான வைப்ரேட்டரின் வேலை. அதன் ஊசியை நேராக இறக்கி, ஓரிடத்தில் 5 முதல் 15 விநாடி வைத்து, மெதுவாக மேலே எடுக்க வேண்டும். ஊசியாலேயே கலவையைத் தள்ளி நகர்த்துபவருக்கு வேலை தெரியாது.

எனவே பேச வருபவரிடம் முதலில் கேளுங்கள்: "மூட்டைக்கு எத்தனை லிட்டர் விடுவீர்கள்?" "பார்த்து ஊற்றுவோம்" என்றால் அடுத்தவரைப் பாருங்கள். கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பு கொண்டு வருவாரா என்றும் கேளுங்கள். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தித் தூக்கினால், கையால் போடும் தளத்துக்கான கலவை 75 முதல் 100 மில்லிமீட்டர் கீழிறங்கி உட்கார வேண்டும். பிளாஸ்டிசைசர் இல்லாத கலவை 200 உட்கார்ந்தால் அது தண்ணீர்தான். ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் லாரியிலும் இதே கதை. வாசலில் நின்று "கொஞ்சம் இளக்குங்க" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டைக் கணக்கை நீங்களே போடலாம். 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை. 6 மீட்டருக்கு 5 மீட்டர், 100 மில்லிமீட்டர் கனம் என்றால் 3 கன மீட்டர், 24 மூட்டை. 16 மூட்டையில் முடித்துவிட்டேன் என்று ஒருவர் பெருமைப்பட்டால், கனத்திலோ கலவையிலோ கை வைத்திருக்கிறார்.

ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள், தெரிந்தவராக இருந்தாலும். கனம், கலவை விகிதம், கம்பியின் விட்டமும் இடைவெளியும், கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் அளவு, அடிமண் இறுக்குவது யார், போட்ட பிறகு காயாமல் தண்ணீர் ஆற்றுவது யார், இத்தனையும் அதில் இருக்க வேண்டும். மண்மேல் போடும் தளம் என்றால், விரிசல் கண்டபடி ஓடாமல் இருக்கத் தளத்தில் கீறிவிடும் வெட்டு இணைப்பும்: 100 மில்லிமீட்டர் கனத்துக்கு 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒன்று, கனத்தில் கால் பங்கு ஆழம். பணத்தை மொத்தமாக முன்கூட்டித் தராதீர்கள். பொருள் இறங்கியதும் ஒரு பங்கு, கம்பியைச் சரிபார்த்ததும் ஒரு பங்கு, காங்கிரீட் போட்டதும் ஒரு பங்கு. கடைசியாக ஒரு சிறு பங்கை, காங்கிரீட் பலம் பிடிக்கும் 28 நாள் கழித்துத் தருவதாக முதலிலேயே பேசி வையுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று யோசியுங்கள்.

தலைக்கு மேல் வரும் தளம் என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் ஒரு கம்பிகூடக் கட்ட விடாதீர்கள். "முப்பது வருஷ அனுபவம்" வரைபடம் ஆகாது.

போட்ட பிறகு உங்கள் பங்கும் இருக்கிறது, இதைக் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு விரித்தோ குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் (PPC) என்றால் 10 நாளுக்கு மேல், மேற்பரப்பு காயாமல் வைத்திருங்கள். காலையும் மாலையும் குழாயால் நனைத்துவிட்டு நடுவில் காய விடுவது கணக்கில் சேராது. அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று மேஸ்திரி மூன்றாம் நாளே முட்டுகளைக் கழற்ற வந்தால், பொறியாளர் சொன்ன தேதி வரை தொட விடாதீர்கள்.