சார்குட்டரி போர்டு: இறைச்சியில் பிறந்து இனிப்புக்கு வந்த பெயர்

காதலர் நாளையொட்டிச் சாக்லேட், ஸ்ட்ராபெரி, இதய வடிவப் பிஸ்கட், வறுத்த பாதாம் ஆகியவற்றை ஒரே பலகையில் இடைவெளியின்றி அடுக்கி, இருவருக்கு நடுவே வைத்து உண்ணும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதற்கு ‘டெசர்ட் சார்குட்டரி போர்டு’ என்று பெயர். தமிழில் எழுதுவோரும் இதே பெயரை ஒலிபெயர்த்து எழுதிவிடுகின்றனர். இந்தப் பெயரில் நடுவில் நிற்கும் சொல்லின் பொருளை அறிந்தால், சைவ உணவினர் ஒருவர் தம் இனிப்புத் தட்டுக்கு அதைச் சூட்டத் தயங்கக்கூடும். ஆகவே இதற்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடிப் பார்ப்போம்.

சார்குட்டரி பிரெஞ்சுச் சொல். அம்மொழியில் அதன் ஒலிப்பு ஏறத்தாழ ‘ஷார்க்யூத்ரி’ என்பதாகும். சதை என்று பொருள்படும் ஒரு சொல்லும், வெந்தது என்று பொருள்படும் ஒரு சொல்லும் இணைந்து உருவான இது, ‘வெந்த இறைச்சி’ என்பதையே அடிப்படைப் பொருளாகக் கொண்டது. 15ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் சமைத்த பன்றியிறைச்சியை விற்றோர் தனித் தொழிற்குழுவாக இயங்கினர். அவர்களுடைய தொழிலுக்கும், கடைக்கும், அங்கு விற்ற உப்பிட்ட இறைச்சிக்கும் தொத்திறைச்சிக்கும் இச்சொல்லே பெயராயிற்று. பிற்காலத்தில் அவ்விறைச்சித் துண்டுகளைப் பலகையில் பரப்பி, அருகே பாலாடைக்கட்டி, கொட்டைகள், பழங்கள் ஆகியவற்றையும் வைத்துப் பரிமாறினர். நாளடைவில் இறைச்சியே இல்லாத பலகைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. உள்ளிருக்கும் பொருளைக் குறித்த சொல் அடுக்கும் முறையைக் குறிக்கும் சொல்லாக மாறிய வரலாறு இது.

இப்படி நகர்வது சொற்களின் இயல்பே. நாம் நாள்தோறும் வழங்கும் பலகாரம் என்னும் சொல்லும், பழ உணவைக் குறிக்கும் ‘பலாஹாரம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்து, மாவிலும் எண்ணெயிலும் ஆகும் பண்டங்களுக்கு உரியதாகி, பழத்தை முற்றிலும் விட்டுவிட்டது. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பலகாரம் தமிழர் வாயில் புழங்கிப் புழங்கிப் பொருள் மாறியது. ஆகவே அதைக் கேட்பவர் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. சார்குட்டரியோ பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒருங்கே சுமந்துகொண்டு வருகிறது. விருந்தினர் ஒருவர் அதை இறைச்சித் தட்டு என்றே கொள்ளவும் இடமிருக்கிறது.

டெசர்ட் என்பதும் பிரெஞ்சிலிருந்தே வந்தது. பரிமாறியவற்றை மேசையிலிருந்து அகற்றுதல் என்னும் வினையே அதன் வேர். உணவுக் கலங்களை எடுத்துவிட்டு இறுதியில் வைப்பது என்பதால் அது சுவையைவிட வரிசையைச் சுட்டும் சொல்லாகும். நாம் பேசும் தட்டு எந்த வேளையிலும் தனியே உண்ணப்படுவதால், அந்த வரிசைப் பொருள் இங்கே தேவையில்லை; ‘இனிப்பு’ என்பதே போதும்.

இனி, இப்படி அடுக்கும் பண்டங்களைப் பொதுவாகக் குறிக்கும் ஸ்நாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வரும்போது தமிழின் வளம் நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. கடித்தல் என்ற பொருளுடைய இடைக்கால டச்சு வினையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் அச்சொல், ஒரு கடி அளவான உணவைக் குறிக்கலாயிற்று. தமிழ் மரபோ உட்கொள்ளுதலை உண்டல், தின்றல், நக்கல், பருகல் என நான்காகப் பகுத்துப் பார்க்கிறது. கடித்து மென்று உட்கொள்வது தின்றல். எனவே தின்பண்டம் என்னும் சொல், பண்டத்தின் பெயரிலேயே பல்லுக்கு உரிய வேலையையும் சொல்லிவிடுகிறது. சிற்றுண்டி என்பதை இங்கே நான் ஏற்கமாட்டேன். அது காலையிலோ மாலையிலோ பசிக்கு உண்ணும் சிறிய உணவுக்கு நிலைத்துவிட்ட சொல்.

எஞ்சுவது போர்டு. பழைய ஆங்கிலத்தில் மரப்பலகையைக் குறித்த இச்சொல், பின்னர் உணவு மேசையையும், மேசையில் இடப்படும் உணவையும் குறித்தது. அதனைப் பலகை என்று நேரே பெயர்ப்போர் உளர். ஆனால் ‘தின்பண்டப் பலகை’ என்றதும் கடை வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையோ விலைப்பலகையோதான் மனத்தில் எழும். மேலும், பளிங்குக் கல்லிலும் உலோகத்திலும் இவை செய்யப்படும் இக்காலத்தில், மரத்தைச் சுட்டும் சொல்லைவிடப் பயனைச் சுட்டும் சொல்லே பொருந்தும். தட்டு என்றால் ஒருவர் தமக்கென உண்ணும் கலம் என்ற எண்ணம் முந்திக்கொள்கிறது. தட்டம் என்பது உண்கலத்தையும் தாம்பாளத்தையும் குறிக்கும் பழைய சொல். தட்டையானது என்ற வடிவப் பொருளும் அதில் ஒலிக்கிறது. ஆகவே, ‘தின்பண்டத் தட்டம்’ என்பதே பொதுப்பெயராகவும், இனிப்பு மிகுந்ததற்கு ‘இனிப்புத் தட்டம்’ என்பது சிறப்புப் பெயராகவும் அமையலாம் என்பது என் துணிபு.

இதனைச் செய்யும் முறையை எழுதும்போதும் தமிழ் வினைகள் தாமாகவே வந்து அமர்கின்றன. முதலில் உருக்கிய சாக்லேட் கிண்ணத்தைத் தட்டத்தில் நிறுத்த வேண்டும். அதன் பின் பெரிய பிஸ்கட்டுகளைச் சரிவாகச் சார்த்தி, பழங்களைக் குவித்து, இறுதியில் பாதாமையும் சிறு மிட்டாய்களையும் இண்டு இடுக்குகளில் நிரப்ப வேண்டும். ஸ்ட்ராபெரியைக் கழுவிய பின் ஈரம் போக ஒற்றியெடுப்பது மிக இன்றியமையாதது. சில துளி நீர் கலந்தாலும், உருகிய சாக்லேட்டிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் அந்த ஈரத்தைப் பற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, பளபளப்பாக ஓடிக்கொண்டிருந்த குழம்பு மங்கிப்போய்த் திரிதிரியாகக் கட்டிதட்டிவிடும். அறுத்த பழத்தைப் பிஸ்கட்டின் மேல் சாய்க்கவும் கூடாது; அது நமத்துப் போகும். நமத்தல் என்னும் வினை, மொறுமொறுப்பான தின்பண்டம் ஈரத்தால் தன் தன்மையை இழப்பதை ஒரே சொல்லில் உணர்த்துவது. செய்முறை எழுதுவோர் ‘மென்மையாகிவிடும்’ என்று சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

இறைச்சி வைத்த பழைய வகையைக் குறிக்க வேண்டுமிடத்தில் ‘இறைச்சித் தட்டம்’ என்று வெளிப்படையாகவே எழுதலாம். இனிப்பும் உப்பும் கலந்து வைத்தால் அடைமொழி ஏதுமின்றித் தின்பண்டத் தட்டம் என்றே நிறுத்திக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, ‘காதலர் நாள் மாலைக்கு இருவருக்கான இனிப்புத் தட்டம் ஒன்றை அடுக்கினாள்’ என்னும் தொடரை, முன்பின் கேட்டிராதவரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்வர்.