‘ஒத்திசைவு’: வடிவமைப்புக் கோப்புகளில் எது எதற்கு ஒத்துப்போகிறது?

கணினிவழி வடிவமைப்பில் வேலை செய்பவர்கள் ஒரே நாளில் பலமுறை சொல்லும் வாசகம், ‘அசெம்பிளி சிங்க் ஆகவில்லை’ என்பது (பாகங்களைக் கூட்டிய கோப்பு, பாகங்களில் செய்த மாற்றத்தை ஏற்கவில்லை என்று பொருள்). இதில் ‘ஆகவில்லை’ ஒன்றுதான் தமிழ். மற்ற இரண்டையும் தமிழாக்க முற்படுவோர் முதலாவதைத் ‘தொகுப்பு’ என்றும் இரண்டாவதை ‘ஒத்திசைவு’ என்றும் எழுதிவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். கைப்பேசியின் தமிழ் இடைமுகத்தில் தொடர்பு எண்களும் மின்னஞ்சல்களும் ‘ஒத்திசைக்க’ப்படுவதால் அச்சொல் இன்று பலருக்கும் பழகிவிட்டது. ஆயினும் கைப்பேசியில் நடப்பதும் வடிவமைப்புக் கோப்புகளுக்கிடையே நடப்பதும் ஒன்றல்ல. ஒரே சொல்லை இரண்டுக்கும் இட்டதால்தான் புதிதாகக் கற்பவர்கள் அசெம்பிளி கோப்பு தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும் என்று நம்பி ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

‘சிங்க்’ என்பது ‘சிங்க்ரனைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அதன் வேர் கிரேக்கம்: ‘சின்’ என்றால் கூட, ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். ஒரே காலத்தில் நிகழச் செய்வது என்பதே அதன் நேர்ப்பொருள். 1920களின் இறுதியில், பேசும்படம் வந்தபோது, வாயசைவும் ஒலியும் பொருந்துவதைக் குறிக்கத் திரைப்படத் தொழிலில் இக்குறுக்கம் புழங்கத் தொடங்கியது. ‘அசெம்பிளி’யோ பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘சிமுல்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் ‘கூட, ஒரே வேளையில்’ என்றுதான் பொருள். ஆக, ‘அசெம்பிளி சிங்க்’ என்ற தொடரில் ‘கூட’ என்ற கருத்து இருமுறை வருகிறது; எது எதனோடு கூட என்பது மட்டும் ஒருமுறையும் வரவில்லை.

தமிழ்ச்சொல் இவ்விடத்தில் சற்றுக் கூடுதலாகவே பேசுகிறது. ‘ஒத்து’, ‘இசைவு’ என்ற இரண்டும் புணர்ந்து ‘ஒத்திசைவு’ ஆகிறது. இசைதல் என்றால் உடன்படுதல்; அது இருவருக்கும் பொது. ‘ஒத்து’ அப்படியன்று. நாகசுரக் கச்சேரியில் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கருவிக்கும் ‘ஒத்து’ என்றே பெயர். ஒத்துக்காரர் நாயனக்காரரின் சுருதிக்கு ஊதுவாரேயன்றித் தம் விருப்பத்துக்குச் சுருதியை மாற்றமாட்டார். ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வழக்கும் அந்த ஒருவழி உறவிலிருந்து பிறந்ததுதான். கைப்பேசியில் எண்ணைத் திருத்தினால் கணினியிலும், கணினியில் திருத்தினால் கைப்பேசியிலும் மாறுகிறதே, அது இசைவு. வடிவமைப்புக் கோப்புகளில் பெரும்பாலும் நடப்பது ஒத்து.

இதை ஓர் அஞ்சறைப் பெட்டியை வரைந்து பார்த்தால் விளங்கும். (பெயரில் ஐந்து அறை, இன்று கடையில் வாங்கும் வட்டப்பெட்டியிலோ நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு கிண்ணங்கள். சொல் தன் பொருளோடு ஒத்திசையாமற்போனதற்கு இதுவே ஒரு சான்று.) பெட்டியின் உள்விட்டம் 180 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சமமான ஏழு வட்டங்கள் ஒரு பெருவட்டத்துள் இவ்வாறு இறுக அமைந்தால் ஒவ்வொன்றின் விட்டமும் பெருவட்ட விட்டத்தில் மூன்றில் ஒன்று. கையில் எடுத்துவைக்க இடம் வேண்டுமென்பதால் விட்டத்தில் 6 மில்லிமீட்டரைக் கழித்து மூன்றால் வகுத்தால் கிண்ணத்துக்கு 58 கிடைக்கும். பெட்டி, மூடி, கிண்ணம் மூன்றையும் ஒரே கோப்பில், ஒரே அடிப்படை வரைவிலிருந்து உருவாக்கி, இந்தக் கணக்கையும் சமன்பாடாக எழுதிவைத்தால், பெட்டியை 171 என மாற்றிய நொடியில் கிண்ணம் 55 ஆகிவிடும். பட்டறை வழக்கில் ‘மல்டிபாடி’ எனப்படும் இக்கோப்பைப் பல்பாக மாதிரி எனலாம்.

ஆனால் பல்பாக மாதிரியில் மூடி திறக்காது, கிண்ணம் வெளியே வராது. உறுப்புகளை அசைத்துப் பார்க்கவும், பாகப் பட்டியல் எடுக்கவும், ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் தரவும் ஒவ்வொரு பாகத்தையும் தனிக்கோப்பாகப் பிரித்து, அவற்றை அசெம்பிளியில் மீண்டும் கூட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். ஒரு கிண்ணக் கோப்பை ஏழிடத்தில் வைத்தால் போதும். பிரிக்கும்போது முதற்கோப்போடு தொடர்பு அறுந்திருந்தால், பெட்டி 171க்குச் சுருங்கிய பிறகும் கிண்ணங்கள் 58லேயே நிற்கும். மையத்திலிருந்து வெளிவிளிம்பு வரை 87 தேவை, இருப்பதோ 85.5. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டுக்குள் புகுந்து கிடக்கும் கிண்ணம் திரையில் எந்தக் குற்றமும் இல்லாததுபோலவே தோன்றும்.

ஒன்றை மாற்றினால் அதன் படிகளெல்லாம் மாற வேண்டும் என்ற கருத்து புதியதன்று. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு தம் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் மென்பொருளிலேயே மூலவரைவு ஒன்றும் அதனின்று எடுக்கப்பட்ட உருக்கள் பலவும் இருந்தன. மூலத்தைத் திருத்தினால் உருக்கள் அனைத்தும் திருந்தின. அளவுகளாலும் உறவுகளாலும் முப்பரிமாண வடிவத்தை ஆளும் முறையை 1988இல் வெளிவந்த புரோ-இன்ஜினியர் என்ற மென்பொருள் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது. 2008இல் சீமென்ஸ் நிறுவனம் ‘சிங்க்ரனஸ் டெக்னாலஜி’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது வேறு செய்தி: அது செய்முறை வரிசையைச் சாராமல் வடிவத்தை நேரடியாகப் பிடித்துத் திருத்தும் முறை. பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

இனி ‘அசெம்பிளி’க்கு வருவோம். ‘தொகுப்பு’ போதாது, கழற்றிப் போட்ட உறுப்புகள் ஒரு பையில் கிடந்தாலும் அது தொகுப்புதான். ‘தொகுதி’ என்றால் சட்டமன்றம் நினைவுக்கு வரும், அதுவும் ஆங்கிலத்தில் அசெம்பிளிதான் என்பது வேடிக்கை. இலங்கைத் தமிழில் உறுப்புகளை இணைப்பதற்குப் ‘பூட்டுதல்’ என்ற உயிருள்ள சொல் இருக்கிறது. கழற்றிப் பூட்டுதல் அங்கே அன்றாடப் பேச்சு. ஏர் பூட்டுதல், நாண் பூட்டுதல் என்று பழைய தமிழிலும் அதற்கு இதே பொருள்தான். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. எனினும் இத்துறையில் அதைத் தவிர்க்க ஒரு காரணம் உண்டு, அதைப் பின்னர்ச் சொல்கிறேன். பொருத்தி அமைத்தது என்ற பொருளில் ‘பொருத்தமைப்பு’ என்பதே இங்கு நேரானது.

பல்பாக மாதிரிக்கும் அதிலிருந்து பிரிந்த கோப்புகளுக்கும் இடையிலுள்ள உறவுக்குப் பெயரிட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்த நன்னூல், ‘முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவதை வழிநூல் என்கிறது. முதலோடு முழுதும் ஒத்து, அதன்மேல் தனக்கு வேண்டியதை மட்டும் சேர்ப்பது: பிரித்தெடுத்த கிண்ணக் கோப்பில் விளிம்பு மழுக்கலை மட்டும் கூடுதலாகச் செய்யும்போது வடிவமைப்பாளர் செய்வது இதைத்தான். எனவே பல்பாக மாதிரியை முதல்மாதிரி என்றும், பிரிந்தவற்றை வழிமாதிரி என்றும், முதலின் மாற்றம் வழிக்குச் செல்வதை ஒத்தமைத்தல் என்றும் சொல்லலாம். எல்லாம் ஒத்து முடிந்த நிலைக்கு ஒத்திசைவு என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப் பிரித்துச் சொன்னால், ஒத்தமையாமைக்கான காரணங்களையும் பிரித்துப் பேச முடிகிறது. கோப்பின் பெயரை மென்பொருளுக்கு வெளியே, அடைவிலேயே மாற்றிவிட்டால் பொருத்தமைப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். முதல்மாதிரியில் ஒரு விளிம்பு நீங்கிவிட்டால், அவ்விளிம்பைப் பற்றியிருந்த பொருத்துறவு பிடிப்பின்றிப் போகும். கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளான ஃப்ரீகேட் 1.0, நவம்பர் 2024இல், தனக்கேயுரிய பொருத்தமைப்புப் பணிமேடையோடு வந்தபோது மாதிரி மாறும்போது விளிம்புகளின் உட்பெயர்கள் மாறிப்போகும் இச்சிக்கலையும் பெருமளவு தணித்தது. பெட்டிக்குள் புதிதாக ஒரு கரண்டியை வரைந்தால், பல மென்பொருள்களில் அது பொருத்தமைப்பில் தானாக வந்து சேராது; ஏற்கெனவே பிரிந்த பாகங்களின் மாற்றம் மட்டுமே செல்லும், புதிய பாகத்தை நாமே பிரித்து நாமே பொருத்த வேண்டும்.

வியப்பான காரணம் காலம். செய்முறை மரத்தில் (மாதிரியை உருவாக்கிய படிகளின் வரிசைப் பட்டியலில்) பாகங்களைப் பிரித்துச் சேமித்த படி எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே உள்ள மாற்றங்களே வழிமாதிரிக்குச் செல்லும் என்பது சாலிட்வொர்க்ஸ் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களின் நடைமுறை. அந்தப் படிக்குக் கீழே கிண்ணத்துக்கு ஒரு பிடி வைத்தால், முதல்மாதிரியில் பிடி இருக்கும், வழிமாதிரியில் இராது. மாதிரியை மீண்டும் கணக்கிடச் சொல்லும் ‘ரீபில்ட்’ கட்டளையை எத்தனை முறை அடித்தாலும் வராது. கிரேக்கச் சொல்லிலிருந்த ‘க்ரோனோஸ்’ இங்கே மட்டும் தன் உரிமையைக் கேட்டுப் பெறுகிறது.

சாலிட்வொர்க்ஸின் செய்முறை மரத்தில் பெயருக்கு அருகே ஒரு சிறு அம்புக்குறி தெரிந்தால், அவ்வுறுப்பு வெளிக்கோப்பு ஒன்றைச் சார்ந்திருக்கிறது. அம்புக்குறியோடு கேள்விக்குறி வந்தால் அந்த முதற்கோப்பு இப்போது கண்ணில் படவில்லை; உடுக்குறி (*) வந்தால் தொடர்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது; பெருக்கல் குறி வந்தால் அறுக்கப்பட்டிருக்கிறது. உடுக்குறி நிலையை ஆங்கிலத்தில் ‘லாக்’ என்கிறார்கள், தமிழில் எழுதுவோர் தயங்காமல் ‘பூட்டு’ என்பார்கள். பொருத்தமைப்பையும் பூட்டு என்றால், ‘பெட்டியைப் பூட்டிவிட்டேன்’ என்று ஒருவர் சொல்லும்போது உறுப்புகளைச் சேர்த்துவிட்டாரா, இனி மாறாதபடி நிறுத்திவிட்டாரா என்று கேட்க வேண்டியிருக்கும். வரைபடம் தயாரிப்புக்குப் போன பிறகு அந்தக் கேள்விக்கு நேரம் இராது.