ஏழாம் வகுப்பில் தள்ளிப்போகும் ராத்திரி

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி போனில் கேட்டார். "தம்பி, பேரன் ஏழாவது படிக்கிறான். போன வருஷம் வரைக்கும் ஒன்பது மணிக்கெல்லாம் கண்ணு சொக்கிடும். இப்ப பதினொண்ணு ஆனாலும் வளவுல உலாத்திக்கிட்டே இருக்கான். காலையில ஏழே காலுக்கு வேன் வந்து நிக்குது, அவனை எழுப்ப முடியலை. திருஷ்டி பட்டிருக்குமோ? மந்திரிச்சுக் கயிறு கட்டலாமா?"

வேண்டாம் ஆச்சி என்றேன். கயிறு கட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று சிலர் கேட்பார்கள். கட்டியும் எழவில்லை என்றால் பழி முழுக்க அந்தப் பிள்ளை தலையில்தான் விழும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் காலம் வளரிளம் பருவத்தின் வாசல். ஹார்மோன்கள், குரல் உடைவது, உயரம் கூடுவது எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அதே சமயத்தில் மூளையின் கடிகாரமும் தள்ளிப்போகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

தூக்கத்தை நடத்துபவை இரண்டு. இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை 1982ல் சுவிட்சர்லாந்தின் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். முதலாவது தூக்கச் சுமை. மழை நாளில் முற்றத்து ஓரம் வைத்த அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் அதில் தண்ணீர் ஏறும், தூங்கினால் வடியும். இரண்டாவது கடிகாரம். இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சிறிய இடத்தில் ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள் உட்கார்ந்து நேரம் பார்க்கின்றன. இருட்டியதும் அவை விடும் உத்தரவால்தான் பீனியல் சுரப்பி மெலடோனினை ரத்தத்தில் கலக்கிறது. உடம்புக்கு அதுதான் 'ராத்திரி ஆயிற்று' என்ற சேதி.

வளரிளம் பருவத்தில் இரண்டுமே மாறுகின்றன. அண்டா முன்னைப்போல வேகமாக நிறைவதில்லை. மெலடோனினும் பிந்தி வருகிறது. ஆனால் தேவைப்படும் தூக்கம் குறைவதில்லை! அமெரிக்காவில் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்காடனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடை முகாம் நடத்தி, ஒரே பிள்ளைகளை வருடா வருடம் வரவழைத்துத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். வளர வளரத் தூக்கம் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். படுக்கையில் பத்து மணி நேரம் கொடுத்தபோது, பத்து வயதுப் பிள்ளையும் சரி, பருவம் எய்திய பிள்ளையும் சரி, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். அவ்வளவு தூங்கியும், பருவம் எய்தியவர்களுக்கே மதியத்தில் அதிகம் கண் செருகியது.

மெலடோனின் பிந்துவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? எச்சிலை வைத்து! ரத்தத்தில் ஏறும் மெலடோனின் எச்சிலிலும் கசியும். சாயங்காலம் பிள்ளைகளை மங்கலான வெளிச்சத்தில் உட்காரவைத்து, அரைமணிக்கு ஒரு தடவை வாயில் பஞ்சைக் கொடுத்து நனைத்து வாங்கிக்கொள்வார்கள். எட்டு மணிப் பஞ்சில் ஒன்றும் இருக்காது, எட்டரையிலும் இருக்காது, அடுத்ததில் திடீரென்று ஏறத் தொடங்கும். அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் பொழுது சாய்கிற நிமிடத்தை ஒரு பஞ்சு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஊசி இல்லை, வலி இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எல்லாம் செல்போன் செய்த வேலை என்பார்கள். செல்போனே பார்த்திராத எலியும் குரங்கும்கூட அந்தப் பருவத்தில் தாமதமாகத்தான் உறங்குகின்றன. ஆனால் செல்போனுக்கும் பங்கு உண்டு. பருவத்தின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரவு வெளிச்சம், பெரிய பிள்ளைகளைவிட அதிகமாக மெலடோனினை அமுக்குகிறது. ஏற்கெனவே தள்ளிப்போகிற கடிகாரத்தை அது இன்னும் தள்ளிவிடும்.

பள்ளிக்கூடம் நினைத்தால் நிறையச் செய்யலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7:50லிருந்து 8:45க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் கிடைத்த நேரத்தை விழித்துத் தீர்க்கவில்லை, சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகள் எட்டு மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம். இங்கே மணியை மாற்ற முடியாவிட்டாலும், முதல் பீரியடில் கணக்குத் தேர்வு வைக்காமல் விளையாட்டைப் போடலாமே? காலை வெயில் கண்ணில் பட்டால் கடிகாரம் முன்னுக்கு நகரும், ராத்திரித் தூக்கமும் சீக்கிரம் வரும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ்தான். மைதானத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். அப்புறம், ராத்திரி ஒன்பது மணி வரை டியூஷனில் உட்காரவைத்துவிட்டு விடியலில் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே ஒரு ஆதங்கம். நான் சொன்ன அளவைகள் வேறு ஊர்ப் பிள்ளைகளுடையவை. கோடைக்கும் குளிருக்கும் பகல் பல மணி நேரம் நீண்டு குறுகும் ஊர்கள் அவை. செட்டிநாட்டிலோ வருடம் முழுக்கப் பார்த்தாலும் பகல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கூடிக் குறையும். நம் பிள்ளைகளுக்கு மெலடோனின் எப்போது ஏறுகிறது என்று நாமே அளக்க வேண்டாமா? வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1953ல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அந்த மண்ணில் பஞ்சுக்கும் ஒரு மங்கல் விளக்கு அறைக்கும் பணம் கிடைக்காதென்று நான் நம்பமாட்டேன்.

ஆச்சியிடம் சொன்னது இதுதான்: எட்டரைக்கு மேல் பெரிய விளக்குகளை அணைத்துவிடுங்கள். செல்போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். காலையில் அவன் பாலை உள் அறையில் குடிக்க வேண்டாம், முற்றத்துப் படியில் வானம் பார்த்து உட்கார்ந்து குடிக்கட்டும்.

"ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் தூங்குறானே?" என்றார். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடுங்கள் ஆச்சி, அதற்கு மேல் போனால் திங்கட்கிழமை கடிகாரம் மறுபடி பின்னால் போய் நிற்கும் என்றேன்.