பிளேடை ஆணியில் மாட்டிப் பார்த்தீர்களா?

போன மாதம் ராயக்கோட்டை சாலையில் பண்ணை வீடு வைத்திருக்கும் ஒருவர், புல் வெட்டும் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரியில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். "அண்ணே, டிரில்லுல கல்லு மாட்டி நானே சாணை பிடிச்சேன். நல்லா கூராத்தான் இருக்கு. ஆனா ஸ்டார்ட் பண்ணா கைப்பிடியே கிடுகிடுன்னு ஆடுது" என்றார்.

பிளேடைக் கழற்றிச் சுவரில் அடித்து வைத்திருக்கும் ஆணியில் நடு ஓட்டையை மாட்டினேன். ஒரு பக்கம் சரேலென்று கீழே இறங்கியது. நம்ம ஊர்ப் புல்தரையில் கல்லுக்கா பஞ்சம்? கல்லில் அடிபட்டு ஒரு முனையில் பல் விழுந்திருக்கிறது. அது மறையும் வரை அந்தப் பக்கத்தை மட்டும் தேய்த்துத் தள்ளியிருக்கிறார், மறுபக்கம் கனமாக நின்றுவிட்டது.

18 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதன் முனை மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் அந்த அதிர்வு முழுக்க, என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டிலும் அதைத் தாங்கும் பேரிங்கிலும்தான் இறங்கும்.

டிரில்லில் மாட்டும் அந்தச் சின்னச் சாணைக்கல்லை நான் குறை சொல்லமாட்டேன். கல்லோடு ஒட்டி வரும் பிளாஸ்டிக் தட்டு பிளேடின் அடிப்பக்கத்தில் உரசிக்கொண்டே போகும், சாய்வு ஓரளவு மாறாமல் வரும். லேசாக மழுங்கிய பிளேடுக்கு அது போதும். பல் விழுந்த பிளேடுக்கு அரம்தான் சரி. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் பிரஷ் கட்டர் (நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றும் புதர் வெட்டும் மிஷின்) பிளேடுக்கும் இதே கல்லைப் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், அதன் அமைப்பே வேறு.

எனக்குப் பயம் தருவது சாணை பிடிப்பதற்கு முந்தைய வேலை. என்ஜினை அணைத்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துப் பிளேடைப் பிடித்துத் திருப்புகிறார்கள். இந்த மிஷின்களில் பெரும்பாலும் பிளேடு நேராக கிராங்க் ஷாஃப்டில்தான் மாட்டியிருக்கும். பிளேடைத் திருப்பினால் என்ஜினும் திரும்பும், என்ஜினோடு சுற்றும் காந்தம் தானாகவே பிளக்கில் பொறி கொடுக்கும். அதற்கு பேட்டரியோ சாவியோ வேண்டாம். ஒரே ஒரு உதை போதும், விரல் போய்விடும். அதனால் முதல் வேலையே ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கி வைப்பது. கரண்ட் மிஷின் என்றால் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியை வெளியே எடுங்கள். பெட்ரோல் மிஷினைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கவேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் போய், அடுத்த நாள் புகை மண்டும்.

பிளேடை மிஷினில் வைத்தபடியே தேய்க்காமல், கழற்றி வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வேட்டி லுங்கியோடு டிரில் பக்கம் போகாதீர்கள். சரிவு உள்ள மேல்பக்கத்தை மட்டும் தேய்க்கவேண்டும், தட்டையான அடிப்பக்கத்தைத் தொடவேண்டாம். டிரில்லை அழுத்தாமல், ஒரே திசையில் இழுங்கள். இந்தப் பக்கம் 10 இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் 10. இரும்பு நீலம் பாய்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விடும், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அப்புறம், சவரக்கத்தி மாதிரி கூர் வேண்டாம். வெண்ணெய் தடவும் கத்தி அளவுக்கு இருந்தால் போதும், மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கிவிடும்.

விரிசல் தெரிந்தாலோ, மேலே வளைந்திருக்கும் சிறகின் அடி தேய்ந்து மெலிந்திருந்தாலோ சாணையே பிடிக்காதீர்கள். புது பிளேடு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது அந்தச் சிறகு மிஷினைப் பார்த்து மேல்நோக்கி இருக்கவேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு, "சாணை பிடிச்சும் வெட்டலையே" என்று வருகிறவர்கள் எனக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு.

ராயக்கோட்டை சாலைக்காரருக்கு, கனமான பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆணியில் பிளேடு படுக்கைவாட்டில் நிற்கும் வரை சரிசெய்து கொடுத்தேன். ஆனால் அதற்குள் கிராங்க் ஷாஃப்ட் அடியில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருந்தது. பிளேடு வேலைக்கு வாங்கியதைவிட அதற்குத்தான் அவரிடம் அதிகம் வாங்கவேண்டி வந்தது.