ரக்பி அரங்கில் கால்பந்து இறுதிப் போட்டி: ஸ்டேஷன் வாசலிலிருந்து யோசிப்போம்

மே மாதம் வந்தால் போதும், ஸ்காட்லாந்தில் நாங்கள் வேலை பார்க்கும் இடங்களில் இந்தப் பேச்சு எழுந்துவிடும். எடின்பரோவின் முர்ரேஃபீல்ட் ரக்பி அரங்கில் 67,000 பேர் உட்காரலாம், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஏறக்குறைய 52,000 பேர்தான். அப்படியிருக்க ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டியை எதற்கு ஹாம்ப்டனிலேயே நடத்திக்கொண்டிருக்க வேண்டும், 15,000 பேர் டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் டிவி பார்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நியாயமான கேள்விதான். ஆனால் பிரிட்டனில் பல ஆண்டுகளாக அரங்குகளில் கூட்டப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு இருக்கைகளின் எண்ணிக்கையை வைத்துப் பதில் சொல்லத் தொடங்கினால் நாம் தவறான இடத்தில் தொடங்குகிறோம்.

முதலில் புல்தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெரிய கால்பந்துப் போட்டிக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். ரக்பி களம் 70 மீட்டர் அகலம் வரை போகும், கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும் சேர்த்தால் நீளம் தாராளமாகவே கிடைக்கும், ஆகவே இட நெருக்கடி இல்லை. ரக்பிக்குப் புல்லைக் கொஞ்சம் உயரமாக விடுவார்கள், கால்பந்துக்கு 3 சென்டிமீட்டருக்குள் வெட்ட வேண்டும். ரக்பி கம்பங்களைக் கழற்றிய குழியை மூடி மேலே புல் பதிக்க வேண்டும், களத்தில் வரைந்த விளம்பரச் சின்னங்களைக் கழுவ வேண்டும். தரைப் பராமரிப்பாளர்களுக்கு இரண்டு வாரம் கொடுத்தால் முடித்துவிடுவார்கள். கார்டிஃப் மில்லேனியம் அரங்கில் ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கான தட்டுகளில் புல்லை வெளியே வளர்த்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள், அதில் சிக்கல்கள் இருந்தன, 2014-ல் செயற்கை இழை கலந்த தரைக்கு மாறினார்கள். புல் ஒரு பிரச்சினைதான், ஆனால் யாரும் சாகிற பிரச்சினை இல்லை.

என் கவலை வேறு. ரக்பிக் கூட்டம் கலந்து உட்காரும் கூட்டம். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடினால்கூட நீலச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள், ஒரே கவுண்டரில் பீர் வாங்குவார்கள். அதனால் பெரும்பாலான ரக்பி அரங்குகள் அப்படியே கட்டப்பட்டிருக்கின்றன: வெளி வேலியில் வாசல்கள், உள்ளே எல்லோருக்கும் பொதுவான பெரிய வெளி, அதிலிருந்து அவரவர் படிக்கட்டு. ரக்பி நாளில் பார்க்க அழகாக இருக்கும், ஒரு திருவிழாத் திடல் மாதிரி. அதே இடத்தில் கால்பந்து இறுதிப் போட்டி என்றால் கூட்டம் இரண்டாக வரும், இரண்டாகவே உட்காரும், இரண்டாகவே வீடு போக வேண்டும். எங்கே கோடு போடுவது?

ஒரு ரக்பி அரங்கில் கால்பந்துப் போட்டி ஒன்றுக்கு நான் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். இருக்கைகளுக்குப் பின்னால் அரங்கைச் சுற்றி ஓடும் நடைக்கூடத்தை ஆள் உயர இரும்புத் தடுப்பு ஒன்றை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வரைபடத்தில் கச்சிதமாக இருந்தது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் பகுதிக்கான பெண்கள் கழிப்பறை தடுப்புக்கு அந்தப் பக்கம், சூடான சாப்பாடு விற்கும் கடை இந்தப் பக்கம். முதலில் ஒரு பாட்டி வந்து தடுப்பைத் தட்டினார். "கண்ணு, நான் யாரோடயும் சண்டை போடப் போறதில்லை, பாத்ரூம் போகணும்" என்கிற மாதிரி அவருடைய ஸ்காட்டிஷ் பேச்சில் கேட்டார். அவரை ஒரு ஆளோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அங்கே நாற்பது பேர் நின்றார்கள். இடைவேளையில் இரண்டு பக்கமும் கூட்டம் அழுத்தியதில் தடுப்பின் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது, நானும் இன்னும் மூன்று பேரும் முதுகைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாருக்கும் அடிபடவில்லை. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் மது. ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980 மே 10 அன்று ஹாம்ப்டனில் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் 1-0 என்று அதே ஊரின் பரம எதிரியான ரேஞ்சர்ஸை வென்ற இறுதிப் போட்டிக்குப் பிறகு இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டார்கள், குதிரைப் போலீஸ் வந்துதான் கலைத்தது. அதே ஆண்டு வந்த சட்டத்தால் கால்பந்து அரங்குகளில் மது நின்றது. முர்ரேஃபீல்டில் ரக்பிக்கு 2007-ல் தடை விலக்கப்பட்டது. ஆக அதே கட்டடம், அதே கவுண்டர், ரக்பி என்றால் திறந்திருக்கும், கால்பந்து என்றால் பூட்டியிருக்கும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம், மது இல்லாதது நல்லதுதானே? கூட்டம் எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். ரக்பி ரசிகர் உள்ளே குடிக்கலாம் என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே நுழைந்துவிடுகிறார். கால்பந்து ரசிகருக்கு உள்ளே ஒன்றும் கிடைக்காது, அதனால் வெளியே பப்பில் கடைசிச் சொட்டு வரை இருந்துவிட்டு ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது ஓட்டமும் நடையுமாக வருகிறார். பிரிட்டனில் அரங்குப் பாதுகாப்புக்கு நாங்கள் பயன்படுத்தும் பச்சைக் கையேடு ஒரு சுழல் வாயிலில் ஒரு மணி நேரத்துக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. 60,000 பேரில் 24,000 பேர் கடைசி அரை மணியில் வந்தால், ஒரு வாயில் 330 பேரைத்தான் அனுப்பும், அப்படியானால் 73 வாயில்கள் ஒரு நொடிகூட நிற்காமல் சுழல வேண்டும். அதுவும் இரு தரப்புக்கும் சரிபாதியாகப் பிரிந்து இருக்க வேண்டும், ஒரு பக்கம் 50 வாயில் மறுபக்கம் 23 வாயில் என்றால் கணக்கு உதவாது. ரக்பிக்கு வசதியாக ஒரே பக்கத்தில் வாயில்களைக் குவித்துவைத்த அரங்கு இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அந்தக் கையேடு வந்ததே சாவுகளிலிருந்துதான். 1971-ல் கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் அரங்கின் படிக்கட்டில் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது 66 பேர் நசுங்கி இறந்தார்கள், 1973-ல் முதல் பதிப்பு வந்தது. நிற்கும் இடங்களில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர், அதுதான் உச்ச வரம்பு. அதைத் தாண்டி நெருக்கம் கூடிக்கொண்டே போனால் ஒருவர் தன் காலால் நடப்பதில்லை, கூட்டம் அவரை நடத்துகிறது.

இப்போது முர்ரேஃபீல்டுக்கே வருகிறேன், அங்கே கால்பந்து நடந்ததே இல்லை என்பதல்ல. 2017-ல் எடின்பரோவின் ஹார்ட்ஸ் கிளப் தன் மைதானத்தின் பிரதான இருக்கைப் பகுதியைப் புதிதாகக் கட்டியபோது சில ஆட்டங்களை அங்கே ஆடியது. 2018-ல் லீக் கோப்பை அரையிறுதிகள் இரண்டையும் அக்டோபர் 28 அன்று, ஒரே நாளில், ஹாம்ப்டனிலேயே நண்பகலும் மாலையுமாக வைப்போம் என்று அறிவித்தார்கள். செல்டிக், ஹார்ட்ஸ், ரேஞ்சர்ஸ், அபர்தீன், நான்கு கூட்டமும் ஒரே நாளில் ஒரே தெருக்களில்! எதிர்ப்பு வெடித்தது, செல்டிக்-ஹார்ட்ஸ் ஆட்டத்தை முர்ரேஃபீல்டுக்கு மாற்றினார்கள். 61,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள், செல்டிக் 3-0 என்று வென்றது. அன்று ரக்பி அரங்குதான் ஆபத்பாந்தவனாக வந்தது, அதை நான் மனதாரச் சொல்கிறேன். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்னால்தான் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம், முர்ரேஃபீல்டுக்குப் போவதா ஹாம்ப்டனிலேயே இருப்பதா என்று நீண்ட நாள் யோசித்துவிட்டு, குயின்ஸ் பார்க் கிளப்பிடமிருந்து 50 லட்சம் பவுண்டுக்கு ஹாம்ப்டனை வாங்க முடிவு செய்திருந்தது.

பலர் அதை வெறும் பாசம் என்றார்கள். எனக்கு அதில் தொழில் ரீதியான ஒரு காரணமும் தெரிகிறது. ஹாம்ப்டனில் பார்வை சரியில்லை, கோலுக்குப் பின்னால் இருப்பவர் களத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறார், எல்லாம் உண்மை. ஆனால் அதன் ஒரு பக்கம் மவுண்ட் ஃப்ளோரிடா ரயில் நிலையம், மறுபக்கம் கிங்ஸ் பார்க் ரயில் நிலையம். மேற்குக் கோடி ரேஞ்சர்ஸுக்கு, கிழக்குக் கோடி செல்டிக்குக்கு என்று பல தலைமுறையாகப் பழகிப்போயிற்று. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கூட்டம் பிரிந்துவிடுகிறது. அதே இரண்டு கிளப்புகளின் இறுதிப் போட்டியை எடின்பரோவில் வைத்துப் பாருங்கள்: இரண்டு கூட்டமும் கிளாஸ்கோவிலிருந்துதான் வரும், ரயிலில் வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே வழித்தடத்தில் ஏறி, ஹேமார்க்கெட்டில் இறங்கி, இருபது நிமிடம் ஒரே சாலையில் நடப்பார்கள். தோற்றவர் திரும்பும் ரயிலும் ஜெயித்தவர் திரும்பும் ரயிலும் ஒன்றுதான். அரங்குக்குள் நான் எத்தனை தடுப்பு வைத்தாலும் ஹேமார்க்கெட் நடைமேடையில் என்ன வைப்பேன்?

ஆகவே என் பதில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஹார்ட்ஸுக்கும் அபர்தீனுக்கும் இறுதிப் போட்டி என்றால் இரண்டு கூட்டமும் வேறு வேறு ஊரிலிருந்து வரும், முர்ரேஃபீல்டு எனக்குச் சம்மதம். செல்டிக்-ரேஞ்சர்ஸ் என்றால், ரயிலையும் பேருந்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கொடுக்கும்வரை நான் கையெழுத்துப் போட மாட்டேன். யார் ஜெயித்து வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியாதே என்பார்கள். தெரியாதுதான், அதனால்தான் மோசமான ஜோடியை மனதில் வைத்து அரங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கார்டிஃப் இதை நன்றாகவே செய்து காட்டியது. வெம்ப்ளியை இடித்துக் கட்டிய காலத்தில், 2001 முதல் 2006 வரை ஆறு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகள் வேல்ஸின் ரக்பி அரங்கில்தான் நடந்தன, 2003-ல் கூரையை மூடியே ஆடினார்கள். திரும்பத் திரும்ப நடந்ததால் ரயில்வே, போலீஸ், கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து பழகினார்கள் என்பது என் கணிப்பு. 2017 ஜூன் 3 அன்று ரியல் மாட்ரிட் யுவென்டஸை 4-1 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 65,842 பேர். அரங்கின் கொள்ளளவு சுமார் 74,000. இறுதிப் போட்டி என்றால் ஊடகம், கேமரா, இரு தரப்புக்கும் நடுவில் காலியாக விடும் வரிசைகள் என்று இருக்கைகள் போய்க்கொண்டே இருக்கும், பெரிய அரங்கின் பெரிய எண்ணை நம்பி டிக்கெட் அறிவிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கால்பந்து அரங்கு என்றாலே பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். 2021 ஜூலை 11 அன்று யூரோ கோப்பை இறுதிப் போட்டியின்போது கால்பந்துக்கே பெயர்போன வெம்ப்ளியில் ஏறக்குறைய 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் நுழைந்துவிட்டார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வாசல்களைக்கூட விடவில்லை. 2022 மே 28 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்குப் பாரிஸ் புறநகரில், கால்பந்தும் ரக்பியும் நடக்கும் ஸ்டாட் டி பிரான்ஸில், லிவர்பூல் ரசிகர்கள் நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு குறுகிய வழியில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு ரயில் பாதையில் வேலைநிறுத்தம், அதனால் கூட்டம் வேறொரு பாதையில் திரும்பியது, அந்தப் பக்கம் டிக்கெட் சோதனைக்கு இடம் போதவில்லை. ஆட்டம் 36 நிமிடம் தள்ளிப்போனது. முதலில் ரசிகர்கள் தாமதமாக வந்ததுதான் காரணம் என்றார்கள், 2023 பிப்ரவரியில் வந்த சுதந்திர விசாரணை அறிக்கை, போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ மீதுதான் முதன்மைப் பொறுப்பு என்றது. எல்லாம் நடந்தது உள்ளே அல்ல, வெளியே, வாசலுக்கு முன்னால்.

நீங்கள் இப்படி ஒரு ஆட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால், குறிப்பாகக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், சில விஷயங்களைச் செய்யுங்கள். அந்த அரங்குக்கு முன்பு ரக்பி பார்க்கப் போயிருந்தால் அந்த வழியை மறந்துவிடுங்கள், டிக்கெட்டில் எந்த வாசல், எந்த ஸ்டேஷன் என்று போட்டிருக்கிறதோ அப்படியே போங்கள், வேறு வாசலில் நின்று "உள்ளே போய் மாறிக்கொள்கிறேன்" என்றால் அன்று மாற முடியாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். வரிசையில் உங்கள் தோளும் பக்கத்தவர் தோளும் ஒட்டி, கையைத் தூக்க முடியாத அளவுக்கு நெருங்கினால் முன்னால் தள்ளாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையை மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டு, சாய்வாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள், பின்னால் நிற்பவர்களிடம் நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள், செல்போனாக இருந்தாலும் சரி.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. சனிக்கிழமை மதியம் ரயிலில் வந்து இறங்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டேஷனிலிருந்து வாசல் வரை நடப்பேன், சாலை எங்கே குறுகுகிறது, குப்பைத் தொட்டி எங்கே நடுவில் நிற்கிறது, எந்தக் கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். பிறகு அதே வழியில் திரும்பி நடப்பேன், இந்தத் தடவை தோற்ற அணியின் ரசிகனாக, இறுதி விசில் ஊதிய உடனே எழுந்து, யாரையும் பார்க்கப் பிடிக்காமல், வேகமாக.